விரல் முந்தும், கதை பிந்தும்: நாகர்கோவில் நாட்குறிப்பு

1 நவம்பர் 2025, சனி

ஒரே மாதத்துக்குள் 50,000 சொல்லில் ஒரு நாவலின் முதல் படியை (முதல் வரைவை) முடிப்பது 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம், 2000 முதல் அந்த மாதம் நவம்பர். அதை நடத்திவந்த நாநோரைமோ அமைப்பு இந்த ஆண்டு கடையைக் கட்டிவிட்டது. கணக்கு மட்டும் மிச்சம்: 30 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 1,667 சொல்.

"டைப்பிங்ல லோயர் முடிச்சிட்டு எழுத ஆரம்பிக்கட்டா?" என்பதுதான் வழக்கமாக முதலில் வரும் கேள்வி. கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். டைப் இன்ஸ்டிடியூட்டில் 5 ஸ்ட்ரோக் (விசையை அழுத்தும் ஒவ்வொரு அடியும் ஒரு ஸ்ட்ரோக்) ஒரு சொல். லோயர் என்ற தொடக்கநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்ற மேல்நிலைத் தேர்வுக்கு 45. அதாவது 150 ஸ்ட்ரோக், 225 ஸ்ட்ரோக். நாவலில் வரும் தமிழ்ச் சொல் 5 ஸ்ட்ரோக்கில் அடங்காது. "மழை விட்டதும் அவன் கடலைப் பார்த்து நடந்தான்." ஆறு சொல். தமிழ்99 விசைப்பலகையில் இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 41 ஸ்ட்ரோக். சொல்லுக்கு 7க்குச் சற்றுக் குறைவு. "எழுதிக்கொண்டிருந்தான்" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 18. தாராளமாகச் சொல்லுக்கு 8 என்று வைத்தால் 1,667 சொல்லுக்கு 13,336 ஸ்ட்ரோக். லோயர் வேகத்தில் 89 நிமிடம், ஹையர் வேகத்தில் 59 நிமிடம்.

வித்தியாசம் அரை மணி நேரம். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தும் 700 சொல்லைத் தாண்டாதவருக்கு அந்த அரை மணி நேரத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. நிமிடத்துக்கு 15 சொல் அடிப்பவர் கதை வேறு. அவருக்கு மூன்று மணி நேரம் விரலுக்கே போய்விடும். அவர் மட்டும் டைப்பிங் படிக்கட்டும், அதுவும் லோயர் வேகம் வரும்வரை போதும்.

3 நவம்பர், திங்கள்

எங்கே நேரம் போகிறது என்று பார்க்க மூன்று சோதனை. ஒவ்வொன்றும் 10 நிமிடம், ஒரே நாளில், ஒரே விசைப்பலகையில்.

முதலாவது, அச்சிட்ட பக்கம் ஒன்றைப் பார்த்து அடிப்பது. இரண்டாவது, நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பார்க்காமல் அடிப்பது: வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மணிமேடை வழியாகக் கோட்டாறு போகும் வழி போல. யோசிக்க ஒன்றும் இல்லை, ஆனால் வாக்கியத்தைத் தானே கட்ட வேண்டும். மூன்றாவது, நாவலில் அடுத்து வரவேண்டிய காட்சி.

முதலாவதைவிட இரண்டாவது குறைவது இயல்பு. ஆங்கிலத்தில் கணினிப் பயனாளர்களை வைத்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்து அடிக்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 சொல், சொந்தமாக எழுதும் வேகம் 19. பாதியைவிடக் கொஞ்சம் மேல். ஆகவே இரண்டாவது எண் முதலாவதில் பாதியைச் சுற்றி இருந்தால் கவலைப்பட ஏதுமில்லை. கால்வாசிக்கு இறங்கினால் விசைகள் இன்னும் விரலுக்குப் பழகவில்லை, அல்லது எழுதும்போதே திருத்தும் பழக்கம் இருக்கிறது. இரண்டாவது நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் விழுந்தால் விரலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடுத்து என்ன நடக்கிறது என்று எழுதுகிறவருக்கே தெரியவில்லை.

எண்ணும்போது ஒரு சிக்கல். "வந்துகொண்டிருந்தான்" என்று சேர்த்து எழுதினால் கணினிக்கு ஒரு சொல், "வந்து கொண்டு இருந்தான்" என்று பிரித்தால் மூன்று. பிரித்துப் பிரித்து எழுதி இலக்கைத் தொட்டுவிட்டதாக மகிழ்கிறவர்கள் உண்டு. எப்படி எழுதினாலும் சரி, மாதம் முழுக்க ஒரே முறை.

6 நவம்பர், வியாழன்

விசைப்பலகை. இதில் மட்டும் சண்டை ஓயாது.

ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது அம்மாவை ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறையில், தொடங்குவது எளிது. ஆனால் ஸ்ட்ரோக் அதிகம். "வந்தான்" என்பதற்குத் தமிழ்99இல் 6, இதில் 8. "எழுதிக்கொண்டிருந்தான்" 21, அதில் ண-வுக்கு ஒரு ஷிஃப்ட் வேறு. அந்த மூன்று ஸ்ட்ரோக்கைவிடப் பெரிய இழப்பு ஷிஃப்ட்டில்தான். ண, ள, ற எல்லாம் ஷிஃப்ட்டோடு வருவதால், கொஞ்சம் முன்னே பின்னே கை எடுத்தால் மணம் மனம் ஆகும், பள்ளி பல்லி ஆகும். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் இதைப் பிடிக்காது, இரண்டும் சரியான சொற்கள்.

தமிழ்99இல் உயிரெழுத்து இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். க, ப, ம, த, ந எல்லாம் நடு வரிசையிலேயே இருக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ந-வை அடுத்துத் த, ம-வை அடுத்துப் ப என்று வந்தாலும் அப்படியே. அம்மாவுக்கு நான்கே ஸ்ட்ரோக். இந்தத் தானியங்கிப் புள்ளிதான் முதல் இரண்டு வாரம் உயிரை எடுக்கும். நதி என்று அடித்தால் ந்தி என்று விழும். நடுவில் அ போட வேண்டும்: ந, அ, த, இ. நந்தவனம், பப்பாளி, மமதை எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். (இந்த மாவட்டத்து நாவலில் நதி எத்தனை முறை வந்துவிடப் போகிறது, எல்லாம் ஆறுதான்.)

பழைய தட்டச்சு முறையில் பழகியவர்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பார்கள்: கொ என்றால் கொம்பு, க, கால். அந்த வேகம் கையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

நாவல் நடக்கும் மாதத்தில் முறையை மாற்றவே கூடாது. புது விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் கவனம் போகும். அந்தக் கவனம் வாக்கியத்திலிருந்து பிடுங்கியது. மாற்ற நினைப்பவர் ஆகஸ்ட், செப்டம்பரில் தினம் 20 நிமிடம் பார்த்து அடித்துப் பழகிவிட்டு வரட்டும்.

9 நவம்பர், ஞாயிறு

பேக்ஸ்பேஸ். ஒரு பிழைக்கு அழிக்க இரண்டு மூன்று ஸ்ட்ரோக், திரும்ப அடிக்க இரண்டு மூன்று. அது பெரிய செலவில்லை. அழித்துவிட்டு வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசிப்பது, வாசிக்கும்போது ஒரு சொல் பிடிக்காமல் போவது, அதை மாற்றுவது: அங்கேதான் ஐந்து நிமிடம் போகும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த நோய்க்குத் தனிப் பெயரே வைக்கலாம்: ஒற்று. "கடலை பார்த்து"வா "கடலைப் பார்த்து"வா என்று விரல் நிற்கும் இடம். முதல் படியில் ஒற்றுக்காக நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டால் போதும். வந்தால் வரட்டும், வராவிட்டால் டிசம்பரில் பார்க்கலாம். ஒற்று போடுவது உட்கார்ந்து செய்யும் வேலை, அதைத் தெரிந்த இன்னொருவரும் செய்துதர முடியும். காட்சியை வேறு யாரும் எழுதித் தர முடியாது.

தெரியாத தகவலுக்கு ஒரு அடையாளம் வேண்டும், இயல்பாக எந்தச் சொல்லிலும் வராத ஒன்று. ஃஃ நல்ல தேர்வு. தமிழ்99இல் இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழேயே இருக்கிறது. கரையில் நின்று கரைமடி வலையை இழுக்கும்போது முதலில் கயிற்றைப் பிடிப்பவர் எங்கே நிற்பார், ஒட்டுப்பால் (ரப்பர் மரத்தில் உறைந்து ஒட்டும் பால்) கிலோ என்ன விலைக்குப் போனது என்று தெரியவில்லையா? "ஃஃ விலை" என்று அடித்துவிட்டு அடுத்த வாக்கியம். அந்த நேரத்தில் இணையத்தைத் திறந்தால் அரை மணி நேரம் கழித்து வேறெங்கோ இருப்போம்.

12 நவம்பர், புதன்

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியவர். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 17 சொல்கூட இல்லை. கையால், மையைத் தொட்டு. லோயர் வேகத்தில் பாதியை ஒட்டித்தான் வரும், ஆனாலும் அப்படி எழுதிக் குவித்தார். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். அந்த அரை மணி நேரம்தான் இதில் கவனிக்க வேண்டியது.

நம்மூர் உதாரணம் வேண்டுமென்றால் நாகர்கோவிலில் வாழும் எழுத்தாளர் ஜெயமோகனின் மகாபாரத நாவல் வரிசை வெண்முரசு. 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாளுக்கு ஒரு அத்தியாயமாக 26 நாவல்கள். அவர் என்ன வேகத்தில் டைப் செய்கிறார் என்று விசாரிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மகாபாரதத்தின் எலும்புக்கூடு முன்னாலேயே இருக்கிறது. அடுத்து யார் சாகப்போகிறார் என்பது தெரியும்.

அந்த எலும்புக்கூடு இல்லாதவர் உட்காருவதற்கு முன் 8 நிமிடம் தாளில் செலவிட வேண்டும். யார் யார், எந்த இடம், என்ன பொழுது. ஒருவருக்கு என்ன வேண்டும், இன்னொருவர் ஏன் தரமாட்டார். காட்சி முடியும்போது எது முன்போல இருக்காது. ஐந்து வரிக்கு மேல் போனால் அது காட்சியையே எழுதிவிடும் வேலை, நிறுத்திவிட வேண்டும். இரவு முடிக்கும்போது காட்சியின் நடுவில், முடிந்தால் வாக்கியத்தின் நடுவில் விட்டு எழுந்தால் மறுநாள் முதல் 200 சொல் தானாக வரும்.

15 நவம்பர், சனி

ஐப்பசி மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. டெஸ்க்டாப்காரர்கள் யுபிஎஸ் தரும் சில நிமிடத்தில் சேமித்து அணைக்க மட்டும் நேரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வேர்டில் தானியங்கிச் சேமிப்பு வழக்கமாக 10 நிமிடம். 2 நிமிடமாக மாற்றவும். வேகமாக எழுதும் நாளில் 10 நிமிடம் என்பது 200 சொல்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றுக்கு விசைகள் ஒட்டும். ஒட்டிய விசை ஒரு அடிக்கு இரண்டு எழுத்துப் போடும். ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அது கண்ணில் பட்டுவிடும். தமிழ்99இல் த இரண்டு முறை விழுந்தால் த்த என்று அழகாகப் புள்ளியோடு நிற்கும். வாரம் கழித்து வாசிக்கும்போதுதான் தெரியும். 500 ரூபாய் சுற்றில் யுஎஸ்பி விசைப்பலகை ஒன்று கையில் இருப்பது நல்லது.

19 நவம்பர், புதன்

வட்டார வழக்கு. மாவட்டத்தின் மேற்கே விளவங்கோட்டுப் பேச்சு மலையாளத்தோடு தோள் உரசும், கிழக்கே நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு. ஒரு நாவலில் இரண்டும் வந்தால் உரையாடலில் வேகம் பாதியாகும். காரணம் உரையாடல் கடினம் என்பதல்ல, எழுத்துக்கூட்டு முடிவாகவில்லை: பொறவா, பெறவா? வாறேனா, வாரேனா? ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 25, 30 சொல்லுக்கு ஒரு தாள் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் முடிந்தது. பாத்திரத்துக்கு ஒரு பத்தி: விளவங்கோட்டுப் பக்கத்து மார்த்தாண்டத்துக்காரர் எதைச் சொல்வார், நாஞ்சில் நாட்டுத் தோவாளைக்காரர் எதைச் சொல்வார்.

பேசி எழுதவைக்கும் வசதி விரலைவிட வேகம், மறுப்பதற்கில்லை. விவரிப்புக்கு உதவும். வழக்குச் சொல்லை மட்டும் அதனிடம் நம்பிக் கொடுக்க முடியாது; பொறவு என்று சொன்னால் பிறகு என்றோ சம்பந்தமே இல்லாத ஒன்றாகவோ போட்டுவிடும். நிறுத்தக்குறியும் பெரும்பாலும் கையால்தான் போட வேண்டும். 1,000 சொல் பேசினால் அன்றைக்கே திருத்திவிட வேண்டும். மூன்று நாள் விட்டால் என்ன சொல்ல வந்தோம் என்பதே விளங்காது.

26 நவம்பர், புதன்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நேரம், டிசம்பர் 3 வரை அந்தப் பக்கம் ஒலிபெருக்கி. எழுதும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுவது தவிர வழியில்லை.

கையால் எழுதி டிடிபி சென்டரில் கொடுப்பவர்களுக்கு: தாளின் ஒரு பக்கம் மட்டும், பக்க எண் கட்டாயம், யூனிகோடில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லவும். பழைய எழுத்துருவில் வாங்கிப் பின்னர் மாற்றினால் சில எழுத்துகள் சிதையும். வழக்குச் சொல்லைத் திருத்தாமல் உள்ளது உள்ளபடி அடிக்கவும் என்று மேலே எழுதிக் கொடுக்க வேண்டும், நல்ல மனதோடு திருத்திவிடுவார்கள்.

29 நவம்பர், சனி

வேகமாக எழுதியதில் எது எப்படிக் கெடும் என்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரே பாத்திரம் 40ஆம் பக்கத்தில் அவன், 90ஆம் பக்கத்தில் அவர். ராஜம், இராஜம், ராசம் என்று மூன்று பெயர். "கொண்டிருந்தான்" பக்கத்துக்குப் பத்து. அடுத்தது தோன்றும்வரை விரல் சும்மா இருக்காமல் போட்டது. காலையில் தொடங்கிய காட்சி விளக்கு ஏற்றுவதில் முடியும். "ஒரு" என்ற சொல் தேவையில்லாத இடமெல்லாம்.

இவை எதையும் இன்றும் நாளையும் தொட வேண்டாம். நாளை இரவு கோப்பைத் தேதியோடு பெயரிட்டு ஒரு பிரதி பென்டிரைவில், ஒரு பிரதி மின்னஞ்சலில். பிறகு ஃஃ என்று தேடி எத்தனை என்று எண்ணவும். 150க்கு மேல் இருந்தால் டிசம்பர் முதல் வாரம் திருத்தம் கிடையாது: பட்டியலை அச்செடுத்து, கடல் பற்றியவை ஒரு தாள், ரப்பர் பற்றியவை ஒரு தாள் என்று பிரித்துக்கொண்டு ஆட்களைப் பார்க்கப் போக வேண்டியதுதான். ரப்பர்க்காரர்களை முற்பகலுக்குப் பின் பார்க்கலாம், பால் வெட்டும் நேரத்தில் போய் நின்றால் யாருக்கும் பேச நேரம் இருக்காது.