மிக்ஸிங் பாக்கி

ஜூலை 8, 2016
வீடியோக் கேசட் கடையை மாதக் கடைசிக்குள் காலி செய்யக் கட்டடக்காரர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 10
பரணிலிருந்து 212 கேசட் இறக்கினேன். பாதிக்கு மேல் வெள்ளைப் பூஞ்சை, சுருள் மேல் கோலமாவு தூவிய மாதிரி. இதை அப்படியே கேசட் ஓட்டும் டெக்கில் போட்டால், படத்தைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டிலும் ஒட்டும். சினிமாக் கேசட் போனால் போகட்டும், அந்தப் படங்கள் வேறெங்காவது இருக்கும். அடி அலமாரியில் 17 கல்யாணக் கேசட் இருக்கிறது. காப்பி போடவும், பாட்டுச் சேர்க்கும் மிக்ஸிங்குக்கும் கொடுத்துவிட்டு வாங்க வராதவை. இவை வேறு எங்கும் கிடையாது.

ஜூலை 11
தூக்கம் வரவில்லை. பதினேழு.

ஜூலை 14
ராத்திரி ஆஸ்பத்திரியில் அப்பா திடீரென்று "டெக் யார் வீட்டுக்குப் போயிருக்கு?" என்றார். சேலம் அம்மாபேட்டையில் தறி நிற்கும் ராத்திரிகளில் டெக்கைப் போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப் போவார். ஒரு ராத்திரி வாடகைக்கு மூன்று படம், தெருவே உட்கார்ந்து பார்க்கும். 1993ல் சன் டிவி வந்தது, அப்புறம் விசிடி, அப்புறம் திருட்டு டிவிடி. கேபிளால்தான் நம் கடை படுத்தது என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேபிள்காரங்க முதல்ல நம்மகிட்டதான்டா கேசட் வாங்கிப் படம் போட்டாங்க." உண்மைதான். நாங்களே கொடுத்தோம்.

ஜூலை 16
ஆடி ஒன்று. அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். "ஆடியில கடையக் காலி பண்ணுவாங்களாடா?" என்று அப்பா கேட்டார். அதற்கு மேல் பேசவில்லை, கஞ்சியும் குடிக்கவில்லை.

ஜூலை 19
பதினேழில் ஒரு கேசட்டுக்கு நோட்டில் இருக்கும் முகவரி 'குகை, மாரியம்மன் கோயில் பின்னால், நூல்காரர் வீடு' என்று மட்டும்தான். குகைப் பகுதியில் நாலு வீடு ஏறி இறங்கிக் கண்டுபிடித்தேன். கல்யாணப் பெண் இறந்து இரண்டு வருடமாகிறதாம். மகள் கேசட்டை இரண்டு கையாலும் வாங்கி, "அண்ணா, அம்மா இதுல பேசுவாங்களா?" என்றாள்.

அந்தக் காலத்தில் மிக்ஸிங் என்றால் முழுக்கச் சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவோம், வீட்டார் பேச்செல்லாம் அழிந்துவிடும். அதை எத்தனை வீட்டுக்குச் செய்திருக்கிறோம்! ஆனால் இந்தக் கேசட்டின் மேல் அப்பா கையெழுத்தில் 'மிக்ஸிங் பாக்கி' என்றிருக்கிறது. அப்படியென்றால் குரல் அப்படியே இருக்க வேண்டும். பார்த்துச் சொல்கிறேன் என்று திரும்ப வாங்கி வந்தேன். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தாள்.

ஜூலை 20
ஓரத்தில் பூஞ்சை. கையால் சுற்றிச் சுற்றித் துடைக்கிறேன். ஒரு மணி நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

ஜூலை 23
ஜப்பானில் ஃபுனாய் கம்பெனி இந்த மாதத்தோடு விசிஆர், அதாவது டெக், தயாரிப்பை நிறுத்துகிறதாம். உதிரி பாகம் கிடைக்கவில்லையாம். உலகத்திலேயே கடைசியாகச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். நம் டெக்கில் பெல்ட் வழுக்குகிறது.

ஜூலை 25
அப்பா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார். குகைக் கேசட்டைப் பற்றிச் சொன்னேன். "ட்ராக்கிங்கைத் தொடாதே, முதல்ல சத்தத்தைக் கேளு" என்றார். ட்ராக்கிங் என்றால் படத்தைச் சீராக்கும் திருகு.

ஜூலை 27
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய ரேடியோக் கடையில் பெல்ட் கிடைத்தது. கொஞ்சம் தளர்வுதான். துடைத்து முடித்துவிட்டேன், ராத்திரி போட்டுப் பார்க்க வேண்டும்.