ஏற்காடு ஏறுறது ஈஸிங்க, இறங்குறதுல தான் இருக்கு விஷயம்

மே மாசம் சேலத்துல பத்து மணிக்கு மேல வெளிய தலை காட்ட முடியாது. நாற்பது டிகிரியெல்லாம் அசால்ட்டா தாண்டும், அதுலயும் எங்க அம்மாபேட்டை பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்கு சுவத்துல கை வெச்சா கூட சுடும். அதனால ஸ்கூல் லீவு விட்டாச்சுன்னா பாதி ஊரு ஏற்காட்டுக்குக் கிளம்பிடும், நாங்களும் தான். நானும் வீட்டுக்காரம்மாவும் பைக்ல, மச்சான் கார்ல அத்தையையும் குழந்தைங்களையும் ஏத்திக்கிட்டு வர்றதா பிளான்.

கிளம்புறதுக்கு முந்துன நாள் தெரு முனை மெக்கானிக் அண்ணன்கிட்ட காத்து செக் பண்ணப் போனேன். ஓட்டிட்டு வந்த சூட்டோட டயர்ல காத்து பாக்காத, காலைல டயர் ஆறி இருக்கும்போது பாக்கணும், சூட்டுல ஏத்தமாத்தான் காட்டும்னு திருப்பி அனுப்பிட்டாரு. அப்புறம் பிரேக் ஆயில் டப்பாவைப் பாத்துட்டு, "இது எப்ப தம்பி மாத்துனது?"ன்னு கேட்டாரு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்குமாம். டாட் 4ங்கிற ரக பிரேக் ஆயில் புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிடுச்சுன்னா அது 155 வரைக்கும் இறங்கிடும். கொதிச்சா உள்ள ஆவி சேரும், ஆவி சேந்தா லிவரை எவ்வளவு இழுத்தாலும் பிரேக் பிடிக்காது. சமவெளில ஓட்டுறவனுக்கும் இது தேவை தான், மலைல இறங்குறவனுக்கு ரொம்பவே தேவை. மாத்தச் சொல்லிட்டேன்.

காலைல வெளிச்சம் வர்றதுக்குள்ள அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போய்ட்டோம். ஏறுறதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்லீங்க. 20 கொண்டை ஊசி வளைவு, ஹாரன் அடிச்சுட்டு திரும்பணும், ஓவர்டேக் ஆசையை அடிவாரத்துலயே விட்டுட்டு வரணும், அவ்வளவு தான். எரிச்சல் என்னன்னா வளைவுலயே வண்டிய நிறுத்தி குரங்குக்கு பிஸ்கட் போடுறாங்க பாருங்க, அவங்க மேல தான். பின்னாடி பஸ் மூச்சு வாங்கி ஏறிட்டு இருக்கு, இவரு கண்ணாடிய இறக்கி செல்ஃபி எடுக்குறாரு. பஸ்ஸு நடுவுல நின்னா மறுபடி கிளம்பும்போது பின்னாடி உருளும், அதுக்குப் பின்னாடி நிக்கிறது என்னை மாதிரி பைக்காரன் தானே?

மேல போனதும் ஜில்லுன்னு இருந்துச்சு, எல்லாரும் தொப்பிய கழட்டி பையில போட்டுட்டாங்க. அத்தை மட்டும் சேலைத் தலைப்பை தலைல இருந்து எடுக்கவே இல்ல. அவங்க தான் சரி. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுனா புற ஊதா கதிர் பத்து சதவீதத்துக்கு மேல கூடும், காத்து குளுகுளுன்னு இருக்கறதால தோலு வேகுறது தெரியாது, தாகமும் எடுக்காது. அத்தை ஒரு தூக்குவாளி நிறைய கம்மங்கூழ் கரைச்சு, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. "மாப்பிள்ளை, கொழந்த தண்ணி கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க, நீங்களா குடுங்க"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஏரிக்கரைல போட்டிங் டிக்கெட் வரிசைய பாத்துட்டு நாங்க இறங்கவே இல்ல, கிளியூர் அருவிக்கும் போகல, கோடைல அங்க பாறையைத் தான் பாக்கணும்.

மத்தியானம் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். 1,600 மீட்டருக்கு மேல இருக்குற உச்சி அது, மேல பரந்த புல்வெளி, அந்த நேரம் பாத்து வடக்குப் பக்கம் கருக்க ஆரம்பிச்சுது. கோடை இடி மழை மலைல அப்படித் தான், காலைல பளிச்சுன்னு இருக்கும், ரெண்டு மூணு மணிக்கு வானம் மாறும். இடி சத்தம் காதுல விழுதுன்னா மின்னல் நம்மள எட்டுற தூரத்துல தான் இருக்குன்னு அர்த்தம். ஆனா அங்க பாத்தா ஒரு கூட்டமே ஒத்த மரத்தடில ஒதுங்கி நிக்குது, ஒருத்தர் குடைய வேற விரிச்சுட்டாரு! நாங்க எல்லாரும் மச்சான் கார்க்குள்ள அடைஞ்சு கண்ணாடிய ஏத்திட்டோம். மின்னல் நேரத்துல மேல தகரம் மூடுன கார் நல்ல பாதுகாப்பு. பைக் வெளிய நனைஞ்சுது, நனையட்டும். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழிச்சு தான் கிளம்பினோம், பசங்க நச்சரிப்பு தாங்கல.

இறங்கும்போது ரோடு ஈரம், அதோட சில்வர் ஓக் இலைங்க கொட்டிக் கிடக்குது. எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்குன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். ரெண்டாவது கியர்ல விட்டா இன்ஜினே வண்டிய இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை வளைவுக்கு முன்னாடி மட்டும் தொட்டா போதும். நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவங்க, கார் இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு உருட்டுறவங்கல்லாம் இருக்காங்க. இன்ஜின் ஆஃப் ஆனா கார்ல பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டியரிங்கும் போயிடும், பத்து ரூபா பெட்ரோலுக்கு இது தேவையா?

பிரச்சனை கியர் இல்லாத ஸ்கூட்டருக்குத் தான். அதுல ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டுட்டா வேகம் குறையும்போது உள்ள இருக்குற கிளட்ச் விட்டுடும், அப்புறம் மொத்த பாரமும் பிரேக் மேல தான். பாதி மலைல ஒரு ஜோடி ஸ்கூட்டரை ஓரமா நிறுத்திட்டு முழிச்சுட்டு நின்னாங்க, லிவரு கைப்பிடி வரைக்கும் ஒட்டுது, கருகுன வாடை அடிக்குது. அந்தத் தம்பி வாட்டர் பாட்டில எடுத்து டிஸ்க் மேல ஊத்தப் போனாரு, அப்ப மேல இருந்து இறங்குன எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருத்தர் கத்திக்கிட்டே இறங்கி வந்தாரு. "ஊத்தாதீங்க தம்பி, தட்டு வளைஞ்சுடும், சும்மா நில்லுங்க, தானா ஆறும்." அரை மணி நேரம் ஆற விட்டு, வெறும் வண்டிய ரெண்டடி உருட்டி பிரேக் பிடிச்சுப் பாத்து, அந்தப் பொண்ணை எங்க கார்ல ஏத்திக்கிட்டு, பாரம் கொறைஞ்ச வண்டிய அந்தத் தம்பி மெதுவா ஓட்டிட்டு வந்தாரு. ஸ்கூட்டர்ல ஏற்காடு போகக் கூடாதுன்னு சொல்லல, இறங்கும்போது பிரேக்கைப் பிடிச்சபடியே வராம விட்டு விட்டு பிடிங்க, அகலமான இடமா பாத்து நாலஞ்சு தடவை நின்னு நின்னு வாங்க, யாரும் உங்களுக்குப் பரிசு குடுக்கப் போறதில்ல. குறுகலான இடத்துல ஏறுற வண்டிக்குத் தான் முதல் வழி, இறங்குறவன் தான் நிக்கணும், சட்டமே அப்படித் தான் சொல்லுது, லைட்டைப் போட்டுட்டு மேல வந்து விழுறவங்களுக்கு இதை யாராவது சொன்னா தேவல.

அடிவாரம் வந்ததும் அனல் மூஞ்சில அறையுது. குளிர்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள இந்த வெக்கைக்கு வந்ததுல மச்சான் சின்னவன் வாந்தி எடுத்துட்டான். நிழல்ல உக்கார வெச்சு, துணிய நனைச்சு கழுத்துலயும் அக்குள்லயும் வெச்சு, ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தோம், கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு ஐஸ்கிரீம் கேட்டான். ஓஆர்எஸ் இல்லாட்டி ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போடணும். ஆனா உடம்பு நெருப்பா கொதிச்சு ஆளு உளறுறாங்க, மயங்குறாங்கன்னா அது ஹீட் ஸ்ட்ரோக், வாய்ல தண்ணி ஊத்தாம 108க்கு போன் பண்ணிட்டு உடம்பு பூரா நனைச்சு விசிறணும்.

கோடை விழா நடக்குற நாள்ல போறவங்களுக்கு ஒண்ணு, அப்ப கோரிமேடு வழியா ஏத்தி குப்பனூர் வழியா இறக்கி விடுவாங்க, அந்த ரோடும் வளைவு தான், பிரேக் ஆயில் பாக்காம வராதீங்க.