ஐஸ் கம்பெனியும் ரெண்டு ஜோடி பூட்ஸும்

6.11.2023, திங்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் மாமா, விடிகாலையில் ஐஸ் பாரை இழுக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த மேஸ்திரி, "வீட்ல விழுந்தேன்னு சொல்லிடுய்யா, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று காதோரம் ஓதியிருக்கிறார். அத்தை சத்தம் போட்டுக் கம்பெனி என்றே எழுதவைத்தாராம். மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தா நான். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில், அந்த ஒரு வரி மாறியிருந்தால் எத்தனை சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும்!

8.11.2023, புதன்

முதலாளியைப் பார்த்தேன். "பூட்ஸ் வாங்கிக் குடுத்திருக்கேன். ரப்பர் செருப்போட வந்து விழுந்தா நானா பொறுப்பு? அதுவும் அவரு மேஸ்திரி ஆளு."

1923-ஆம் வருஷத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் (பின்னால் சேர்த்தது: 2025 நவம்பரில் இதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது), கவனக்குறைவு யாருடையது என்று பார்ப்பதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டு, மூன்று நாளுக்கு மேல் முடங்கினால் முதலாளி தர வேண்டும். மேஸ்திரி கூட்டிவந்த ஆளுக்கும் 12-ஆம் பிரிவில் முதலாளியிடமே கேட்கலாம். பூட்ஸ்தான் இடக்கு. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்று நிரூபித்தால் முதலாளி தப்பிக்க வழியுண்டு.

ராத்திரி மாமாவைக் கேட்டேன். எட்டுப் பேருக்கு ரெண்டு ஜோடி பூட்ஸாம், அதிலும் ஒன்று கிழிசல். வேண்டுமென்றே ஒதுக்கவில்லை என்று சொல்ல இது போதும்.

11.11.2023, சனி

நாளைக்குத் தீபாவளி. மேஸ்திரி ஸ்வீட் பாக்ஸும் 2,000 ரூபாயும் கொண்டுவந்தார்.

பத்துப் பேர் இருந்திருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு வந்திருக்கும், சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். இங்கே கணக்கே வேறு. மாதம் 13,000 சம்பளத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை 25 சதவீதம், அதாவது 3,250. இதை வைத்துக் குடும்பம் நடத்தச் சொல்கிறது சட்டம். மருத்துவச் செலவு தனி.

கை முழுசாகச் சேராவிட்டால் கணக்கு பெரிசு. மாமாவுக்கு வயது 50, அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கும் எண், அதாவது காரணி, 153.09. சம்பளத்தில் 60 சதவீதமான 7,800-ஐ அதோடு பெருக்கினால் 11,94,102. சம்பாதிக்கும் திறனில் 10 சதவீதம் போனது என்று டாக்டர் எழுதினால் சுமார் 1,19,410 ரூபாய்.

23.11.2023, வியாழன்

ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் போனது. உடனே முதலாளி போன்: "இருபதாயிரம் தர்றேன், பத்திரத்துல எழுதி முடிச்சுக்கலாம்." அந்த உடன்பாட்டை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும் என்றேன், இங்கே ஆணையர் என்றால் தொழிலாளர் துணை ஆணையர். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தால் 12 சதவீத வட்டி என்பதையும் சொல்லிவைத்தேன். குரல் கொஞ்சம் இறங்கியது.

மாமாவுக்குத்தான் தயக்கம். "அங்கதானப்பா திரும்ப வேலைக்குப் போகணும்." கட்டுப் பிரிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று பேசிவைத்தோம். "வலது கையில கட்டோட எப்படிப் போடறது?" என்று அவர் சிரிக்க, அத்தை விடவில்லை: "இடது கட்டைவிரல் இருக்கில்ல, அதப் பத்திரமா வச்சுக்க."