பத்மினியின் நாலாவது சிலிண்டர்

மூன்று முறை சென்னைப் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய ட்ராக்குக்குப் போய், மூன்று முறையும் பாதியிலேயே வண்டியை ஓரங்கட்டினேன். நாலாவது முறை போன மாதம் போய்வந்தேன். நடந்ததை எழுதி வைக்கிறேன், கடலோரத்தில் பழைய வண்டி வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிற யாருக்காவது இரண்டு வருடம் மிச்சமாகும்.

வண்டி 1984 பிரீமியர் பத்மினி, ஃபியட் டிசைனில் இங்கே செய்த கார். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டுத் தென்னந்தோப்பில் வருடக்கணக்கில் நின்றதை வாங்கினேன். உப்புக்காற்று தரைத் தகட்டைத் தின்றிருந்தது, மிதியடியைத் தூக்கினால் மண் தெரிந்தது. புதுத் தகடு வெல்டிங் பண்ணவே நாலு மாதம் ஆனது. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்தில் கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இதை வைத்துக்கொண்டு ட்ராக்கா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன், சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஃபியட்கள் ஓடியிருக்கின்றன. அப்பா அதை நேரில் பார்த்தவர். சின்ன வயதில் அவர் சொல்லிச் சொல்லி எனக்கு ஒட்டிக்கொண்ட ஆசை இது.

முதல் முறை, ஐஷர் லாரியில் ஏற்றி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனோம், நானும் அத்தை மகனும். பழைய வண்டிகளுக்கென்று ஒரு நாள் ட்ராக்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். மூன்றாவது சுற்றில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது, பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அதாவது இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைத்து நிற்கும் தகடு.

ஊருக்கு வந்து ஹெட்டைக் கழற்றி, நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். நடுவில் 0.25 மில்லிமீட்டர் வளைவு. சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன். ஹெட் வளைந்ததே சூட்டால், சூடு எதனால் என்று நான் கேட்கவே இல்லை. ஃபேஸிங் போட்டு (அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்கி), புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக போல்ட் முறுக்கி, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். இரண்டாவது முறை ட்ராக்குக்குப் போனபோது, ஐந்தாவது சுற்றில் மறுபடி அதே இடத்தில், நாலாவது சிலிண்டர் பக்கம் ஊதியது.

மூன்றாவது முறைக்கு ரேடியேட்டர் கோர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிது. வீட்டிலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை ஓட்டிச் சோதித்தேன். போகும்போது முள் கொஞ்சம் ஏறும், திரும்பும்போது இறங்கிவிடும், அதனால் இன்ஜின் தேறிவிட்டது என்று நம்பினேன். அது கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற ஆடி மாதம். மேற்கே திரும்பி வரும்போது எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் தானாகவே புகுந்து ஆற்றியிருக்கிறது. போகிற வழியில் ஏறிய முள்தான் உண்மையைச் சொன்னது, நான் வருகிற வழியை நம்பினேன். ட்ராக்கில் ஆறு சுற்றுதான். இந்த முறை கேஸ்கட் போவதற்குள் நானே உள்ளே கொண்டுவந்துவிட்டேன். அன்று ராத்திரி லாரியில் "மாப்ள, வித்துருவோமா?" என்றான் அத்தை மகன். அவன் கேட்டதில் தப்பில்லை, மூன்று பயணத்துக்கும் லீவு போட்டு வந்தவன். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மண்டபத்தில் போட் இன்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கார் வேலை செய்கிறவர் இல்லை என்பதால் அதுவரை அவரிடம் போகவில்லை, அது என் மடத்தனம். ஹெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் போகும் ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் அரித்துப் பள்ளமாகியிருந்தது.

"தம்பி, ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துற?"

"வீட்டு போர் தண்ணிதான்ணே."

"அந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?"

வேகாது. எங்கள் தெருவில் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர்தான், போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதைத்தான் இரண்டு வருடமாக இன்ஜினுக்குள் ஊற்றியிருக்கிறேன். பத்மினியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புத்தண்ணீர் நின்றால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். போட்டில் புரொப்பல்லர் பக்கத்தில் ஜிங்க் (துத்தநாகம்) கட்டி மாட்டுவது இதற்காகத்தானாம், கடல் ஜிங்க்கைத் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும். என் வண்டியில் அந்த ஜிங்க்கின் இடத்தில் என் ஹெட் இருந்திருக்கிறது.

அப்புறம் பிளாக்கின் வடிகுழாயைத் திறக்கச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை. கம்பி விட்டுக் குத்தினோம், அப்போதும் வரவில்லை. இன்ஜினை இறக்கி, பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டைகளை அடைத்திருக்கும் வட்டத் தகடுகளை (கோர் பிளக்) தட்டி எடுத்தால், நாலாவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடம் முழுக்கத் துருவும் உப்புப்பாறையும் இறுகிக் கிடந்தது. புது ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் அங்கே எட்டவே இல்லை.

மூன்று ராத்திரி சுரண்டினோம். சைக்கிள் பிரேக் கேபிளின் முனையைப் பிரித்துவிட்டு உள்ளே நுழைத்துச் சுழற்றுவது நன்றாக வேலை செய்தது. வெறும் பிளாக்கை வெந்நீரில் கரைத்த எலுமிச்சை உப்பில் ஒரு நாள் ஊறவைத்தோம் (அலுமினியப் பாகத்தை இதில் போடாதீர்கள்). துரு சிரட்டை சிரட்டையாக வந்தது. ஹெட்டில் அரித்த இடங்களுக்கு ஆர்கான் வெல்டிங் வைத்து மறுபடி ஃபேஸிங். இப்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் சரிபாதி, வேறு எதுவும் இல்லை.

போன மாதம், முதல் பதினைந்து நிமிட ஓட்டத்தில் முள் பாதியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நேர்ப்பாதையில் அதைத்தான் பார்த்தேன். சுற்றுக்கு 3 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், கூட வந்த வண்டிகளில் பாதி என்னைத் தாண்டிப் போய்விட்டன. கொடி ஆட்டி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. அத்தை மகன் ஓடிவந்து பானட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

இரண்டாவது ஓட்டத்தில் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. கியரைக் குறைத்துக் குறைத்து உள்ளே கொண்டுவந்தேன். பின் இடது சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசிந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்சுவரில் துருப்புள்ளிகள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை. அதை மாற்றி எத்தனை வருடமானது என்று பார்க்காமல் விட்டது நான்தான். இந்த முறை கசிந்த ஒன்றோடு நிறுத்தவில்லை, நாலு சக்கரத்தையும் பிரித்துவிட்டேன். புது சிலிண்டர்கள் திங்கட்கிழமை மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகின்றன, வாடைக்காற்று தொடங்குவதற்குள் மாட்டிவிட வேண்டும்.