எந்தக் கரடி?

தேவனாம்பட்டினம் கடற்கரையில் இன்று மாலை வாங்கிய பஞ்சுக் கரடிப் பொம்மையைத் தடவியபடி, "அப்பா, கரடி கடிக்குமா?" என்று கேட்டாள் மகள்.

எந்தக் கரடி என்று திருப்பிக் கேட்டேன்.

பொம்மையின் ஒரு கண் சற்றுக் கீழிறங்கித் தைக்கப்பட்டிருந்ததால், அதுவும் யோசிப்பதுபோல் இருந்தது.

அமெரிக்கக் கருங்கரடி காட்டு மரங்களை நம்பி வாழ்வது; மிரண்டால் பெரும்பாலும் ஓடிவிடும், அல்லது மரமேறிவிடும். திறந்தவெளிகளிலும் வாழும் பழுப்புக் கரடி, அதிலும் குட்டிகளோடு இருக்கும் தாய், எதிர்த்து நிற்கும்.

நம் தேன்கரடியோ கறையானும் பழமும் தின்று வாழ்வது. ஆயினும், புலி உலவும் காடுகளில் வாழ்ந்து பழகியதாலோ என்னவோ, திடீரென எதிர்ப்படும் மனிதரைக் கண்டால் ஓடுவதைவிடப் பாய்வதையே பலமுறை தேர்ந்துகொள்கிறது. (பெயரில் தேன் இருப்பதால் சாந்தமானது என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.)

வீடு திரும்பும்போது மகள் பொம்மையைச் சற்றே தள்ளிப் பிடித்திருந்தாள்.