கத்திரி வெயிலில் ஒரு மூஸ் கேக்

மே 4, 2025, ஞாயிறு

இன்று கத்திரி பிறந்துவிட்டது. மதுரையே மோர்ப்பந்தல் தேடி அலைகிற நாளில் நான் கேக் செய்யக் கிளம்பியிருக்கிறேன்.

எல்லாம் என் வாயால் வந்த வினை. அக்கா மகள் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் கணக்கை நினைத்து அழுதுகொண்டிருந்தவளிடம், "நல்லா எழுது, நீ என்ன கேட்டாலும் மாமா செஞ்சு தாரேன்" என்று சொல்லிவைத்தேன். செல்போன் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்டது சாக்லேட் மூஸ் கேக். அதுவும் அடுக்கடுக்காக இருக்க வேண்டுமாம். "வாங்கித் தாரேன்" என்றேன். "செஞ்சு தாரேன்னுதான சொன்னீங்க" என்றாள்.

ரிசல்ட் 19-ஆம் தேதி. பதினைந்து நாள் இருக்கிறது. 2020 லாக்டவுனில் வாங்கிய ஓடிஜி அடுப்பு, அதன் மேல் இருந்த ஊறுகாய் ஜாடிகளை இறக்கியதும் வெளியே தெரிந்தது. "எனக்கு ஒரு பிஸ்கெட் சுட்டுத் தந்திருக்கீங்களா இதுல?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். பதில் சொல்ல முடியாத கேள்வி.

மே 6, செவ்வாய்

மூஸ் என்றால் பிரெஞ்சில் நுரை. அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் கேக்கும் ஒருவகையில் நுரைதான். பேக்கிங் பவுடர் கிடையாது. முட்டையில் அடைத்த காற்றே கேக்கைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

நான்கு முட்டை, 120 கிராம் சீனி. அடித்து அடித்து வெளுத்து மூன்று மடங்கு ஆனது. அதுவரைக்கும் ராஜா மாதிரி இருந்தேன். அப்புறம் 90 கிராம் மைதாவையும் 25 கிராம் கொக்கோவையும் ஒரே கொட்டாகக் கொட்டி, தோசை மாவு கரைக்கிற மாதிரி கரைத்தேன். பத்து நிமிடம் பாடுபட்டு ஏற்றிய காற்று பத்தே விநாடியில் இறங்கிவிட்டது. அடுப்பிலிருந்து வந்தது கேக் இல்லை, அடை. அம்மா மட்டும் ஒரு துண்டைக் காபியில் தொட்டுச் சாப்பிட்டாள்.

மே 8, வியாழன்

இன்று அம்மன் திருக்கல்யாணம். டிவியில் மாங்கல்யதாரணம் ஆனதும் அம்மாவும் வீட்டுக்காரியும் அக்காவும் வரிசையாக உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்களாம். எனக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பிளஸ் டூ ரிசல்ட்டும் இன்றே வந்து, என் ஜெராக்ஸ் கடையில் காலை ஒன்பது மணியிலிருந்து கூட்டம். 9-ஆம் தேதி என்று சொல்லியிருந்தார்கள், ஒரு நாள் முந்திவிட்டார்கள். இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வீட்டில் முட்டை தொடக்கூடாத நாள். கேக் இல்லை.

மே 10, சனி

நேற்று தேரோட்டம், மாசி வீதிப் பக்கம் வண்டி விடவில்லை. இன்றுதான் டவுனுக்குள் கேக் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அடி கழலும் ஏழு இஞ்ச் டின், டார்க் காம்பவுண்ட் என்கிற விலை மலிவான சாக்லேட் மாதிரிக் கட்டி ஒன்று. கடைக்காரர் விப்பிங் க்ரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக்கொண்டே, "வீடு எங்க சார்?" என்றார். சொன்னேன். "அதுவரைக்கும் தாங்காதே, ஐஸ் பெட்டி கொண்டாந்து வாங்கிக்கோங்க" என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மை சொல்கிற மனுஷன். நான்தான் கேட்கவில்லை. வழியில் மளிகைக் கடையில் டப்பா க்ரீம் வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி இரண்டாவது ஸ்பாஞ்ச். இந்த முறை முட்டையையும் சீனியையும் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விரல் வைத்தால் இளஞ்சூடு தெரிகிற அளவுக்குச் சூடாக்கிவிட்டு அடித்தேன். சீனி கரைந்துவிடுவதால் நுரை கெட்டியாக நிற்கிறது. பீட்டரைத் தூக்கிக் கோடு போட்டால் இழைக்கோலம் மாதிரி மேலேயே நின்று, மெதுவாகத்தான் உள்ளே போக வேண்டும். அதுதான் பதம். மைதாவையும் கொக்கோவையும் சலித்து, மூன்று தவணையாகத் தூவி, அடியிலிருந்து அள்ளி மேலே மடித்துவிட்டேன். கொக்கோவில் கொழுப்பு இருக்கிறது, நுரைக்கு ஆகாது. அதனால் கை வேகமாகவும் இருக்க வேண்டும், மென்மையாகவும் இருக்க வேண்டும். 170 டிகிரியில் 27 நிமிடம். நடுவில் கதவைத் திறக்கவில்லை, சத்தியமாக.

விரலால் அமுக்கினேன். அமுங்கி, எழும்பி வந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

மே 11, ஞாயிறு

மூஸ், முதல் முயற்சி. சொன்னால் வெட்கக்கேடு, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

டப்பா க்ரீமைப் பதினைந்து நிமிடம் அடித்தேன். பாயசம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர எழும்பவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கொழுப்பு 25 சதவீதம். காற்றைப் பிடித்து வைக்க முப்பதாவது வேண்டும், அதுவும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சரி, இறுகவைக்கக் கடற்பாசி போடலாம் என்று தோன்றியது. ஜெலட்டின் மாட்டுத்தோல், எலும்பு என்று வருவதால் எங்கள் வீட்டில் வேண்டாம். ஜிகர்தண்டா ஊர்க்காரனுக்குக் கடற்பாசி தெரியாதா என்ற திமிர் வேறு. கொதிக்கவைத்துக் கரைத்து, குளிர்ந்த க்ரீமில் ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே ரவை ரவையாகக் கட்டிக்கொண்டது. கடற்பாசி நாற்பது டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகிவிடும். அதை மறுபடி உருக்க 85 டிகிரியாவது வேண்டும், அவ்வளவு சூடு பட்டால் க்ரீம் கதை முடிந்தது.

காம்பவுண்ட் இன்னொரு ஏமாற்றம். நாக்கில் கரையவில்லை, மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. நிஜ சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், நம் வாய்ச்சூடு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். வாயில் வைத்ததும் கரைகிறதே, அதன் ரகசியம் அவ்வளவுதான். காம்பவுண்டில் அந்த வெண்ணெயை எடுத்துவிட்டு வேறு தாவரக் கொழுப்பைப் போடுகிறார்கள். வெயிலில் உருகாது, கடைக்குச் சௌகரியம். வாயிலும் உருகமாட்டேன் என்கிறது.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். விடியற்காலையே போய்க் கூட்டத்தில் நசுங்கி, தண்ணீர் பீய்ச்சுபவர்கள் கையால் நனைந்து, வீட்டுக்கு வந்து விழுந்து தூங்கினேன்.

மே 13, செவ்வாய்

மீன் வாங்கும் தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் கழுவி, வாடை போனபிறகு ஐஸ் போட்டு எடுத்துப்போய் நல்ல விப்பிங் க்ரீம் வாங்கிவந்தேன். கூடவே நிஜ டார்க் சாக்லேட். கவரில் பொள்ளாச்சிக் கொக்கோ என்று போட்டிருந்தது. தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கொக்கோ வளர்வதை அந்தப் பக்கம் போகும்போது பார்த்திருக்கிறேன். பப்பாளிப்பிஞ்சு மாதிரி அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும்.

முதல் சோதனை, டபுள் பாய்லர், அதாவது கொதிதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம். மூடி வைத்து உருக்கினேன், மூடியில் கோத்த ஆவித்தண்ணீர் இரண்டு சொட்டு விழுந்தது. பளபளவென்று இருந்த சாக்லேட் கண்ணெதிரே இறுகிக் கேப்பைக்களி ஆனது. நல்லவேளை, எப்படியும் அதில் சூடான க்ரீம் ஊற்றத்தான் போகிறோம். ஊற்றிக் கிண்டக் கிண்ட வழிக்கு வந்துவிட்டது. இரண்டு சொட்டுத் தண்ணீர் கெடுத்ததை அரை டம்ளர் க்ரீம் சரிசெய்கிறது.

இனிமேல்தான் சிக்கல். இந்தக் கலவை சூடாக இருந்தால் அடித்த க்ரீமை உருக்கிவிடும். ரொம்ப ஆறினால் சாக்லேட் பொடிப்பொடியாக உறைந்துவிடும். ரெசிபி எல்லாவற்றிலும் "அறை வெப்பநிலைக்கு ஆறவிடவும்" என்று இருக்கிறது. யார் வீட்டு அறை? என் சமையலறை 36 டிகிரி. என்னிடம் இருக்கும் தெர்மாமீட்டர் காய்ச்சல் பார்க்கிற ஒன்றுதான். அதைக் கழுவி, பிளாஸ்டிக் உறை சுற்றிக் கலவையில் வைத்தேன். பீப் அடித்தது. 102. அரை மணி நேரம் கழித்தும் 101. அடியில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தை வைத்ததும்தான் 99-க்கு வந்தது. "காய்ச்சல் இறங்கிருச்சா?" என்றாள் வீட்டுக்காரி, வாசலில் நின்று.

இறங்கிவிட்டது. க்ரீமைக் கெட்டித்தயிர்ப் பதத்துக்கு மட்டும் அடித்து, முதலில் ஒரு கரண்டியைச் சாக்லேட்டில் கலந்து இளக்கிக்கொண்டு, மீதியை மடித்தேன். டம்ளரில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இருவரும் நின்றுகொண்டே தின்றோம். ஒன்றும் பேசவில்லை. கடற்பாசியும் வேண்டியதில்லை, ஒன்றும் வேண்டியதில்லை. குளிர்ந்தால் கொக்கோ வெண்ணெயே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

மே 14, புதன்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் 19-ஆம் தேதி இல்லையாம். 16-ஆம் தேதியே வருகிறதாம்.

16 வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமை முட்டை போட்ட பண்டமா?" என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். கேக்கில் இருக்கிற முட்டை கணக்கில் வராது என்று அக்கா வாதாடினாள். அம்மாவிடம் எந்த முட்டைக்கும் கணக்கு உண்டு. சனிக்கிழமையும் பெருமாளுக்கு. ஆக ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவுக்கு. "எனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிரு, அவ்வளவுதான்."

அது தவிர, ரிசல்ட் அன்றைக்குக் கடையை விட்டு நகர முடியாது. நாளை ராத்திரியே முடித்தாக வேண்டும். இன்றே ஸ்பாஞ்ச் போட்டுச் சுற்றி வைத்துவிட்டேன்.

மே 15, வியாழன்

ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கையறையில் ஏசியைப் போட்டு, கட்டில்மேல் மெத்தையைச் சுருட்டிவிட்டு, பழைய பேப்பர் விரித்து கேக் கடை போட்டேன். வீட்டிலேயே வெயில் நுழையாத இடம் அதுதான்.

ஸ்பாஞ்சை மூன்றாக அறுக்கப் பூக்கட்டும் நூல். சுற்றிலும் கத்தியால் லேசாகக் கீறி, நூலைப் பள்ளத்தில் பதித்து, இரண்டு முனையையும் குறுக்கே மாற்றி இழுத்தால் சமமாக வந்துவிடுகிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் சீனித்தண்ணீரில் காபி டிகாஷன் கலந்து தெளித்தேன்.

அடுத்தது அடுக்குக்குச் சுவர். டின் உயரம் போதாது. பேக்கிங் கடையில் கெட்டிப் பிளாஸ்டிக் பட்டை விற்பார்கள், வாங்க மறந்துவிட்டேன். கடைக்குப் போய் ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலே போடும் ஓஹெச்பி ஷீட் இரண்டு எடுத்துவந்தேன். ஏழு இஞ்ச் டின்னின் சுற்றளவு 22 இஞ்ச். ஏ4 நீளம் 11.7, இரண்டு சேர்ந்தால் 23.4. ஒட்டுவதற்குக் கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச் மிச்சம். கேக் செய்கிறவனுக்காகவே வெட்டிவைத்த மாதிரி. சாப்பாட்டில் படக்கூடாதென்று உள்பக்கம் பட்டர் பேப்பர் ஒரு சுற்று.

200 கிராம் சாக்லேட், 120 மில்லி சூடான க்ரீம், 300 மில்லி அடித்த க்ரீம். ஏசியில் காய்ச்சல் பத்து நிமிடத்தில் 99-க்கு இறங்கியது. ஸ்பாஞ்ச், மூஸ், ஸ்பாஞ்ச், மூஸ், ஸ்பாஞ்ச், மூஸ். ஒவ்வொரு அடுக்குக்கும் டின்னை ஒருமுறை தட்டினேன், காற்றுக்குழி இல்லாமல் போக. ஃப்ரிட்ஜில் வைத்தபோது மணி பதினொன்று.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூடாது, திறக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே.

மே 16, வெள்ளி

காலை ஒன்பது மணிக்குக் கடையில் நின்று நானே பாப்பாவின் பதிவெண்ணைத் தட்டினேன். 438. கணக்கில் 91. அழுதவள் வாங்கிய மார்க்கு! அக்காவுக்குப் போன் போட்டேன், மறுமுனையில் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் மத்தியானம்வரை வேறு பிள்ளைகளின் மார்க்கைப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். 34 என்று எதிலும் பார்த்துவிடக் கூடாதே என்று கை ஒவ்வொரு முறையும் தயங்கும்.

சாயங்காலம் ஷீட்டை உரித்தபோது, பட்டர் பேப்பர் சுருக்கம் விழுந்த இடமெல்லாம் கேக்கின் பக்கவாட்டில் கோடு கோடாகத் தெரிந்தது. "டிசைனா மாமா?" "ஆமா." கொக்கோவைச் சலித்து மேலே தூவினேன். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி நனைத்துத் துடைத்து. கறுப்பு, பழுப்பு, கறுப்பு, பழுப்பு. ஆறு அடுக்கும் நின்றது.

முதல் தட்டு அவளுக்கு. அவள் தின்ற நேரத்தில் மூன்றாவது தட்டின் ஓரம் தளர ஆரம்பித்துவிட்டது. பேசாமல் தின்னுங்கள் என்று எல்லோரையும் விரட்டினேன். அம்மாவின் துண்டை டப்பாவில் போட்டு, கடை லேபிளில் "தொடாதே" என்று பிரிண்ட் எடுத்து ஒட்டிவைத்தேன்.

மே 18, ஞாயிறு

மத்தியானம் கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து அம்மா டப்பாவைத் திறந்தாள். ஓரத்தில் யாரோ ஸ்பூனால் வழித்திருந்தார்கள். பாப்பா கூரையைப் பார்த்தாள்.

பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு அம்மா சாப்பிட்டாள். இரண்டு நாளில் காபி நன்றாக ஊறியிருக்கும் என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை. "பல்லுக்கு வேலையே இல்லடா இதுல" என்றாள். அப்புறம், "சீனி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

சாயங்காலம் மாடிக்குப் போனேன். இரண்டு ஓஹெச்பி ஷீட்டும் கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்குகின்றன. "பைண்டிங்குக்கு ஆகும்ல" என்றாள் அம்மா கீழேயிருந்து.