மும்பை லேடீஸ் பெட்டியும் நாலாவது சீட்டும்

மும்பைக்குப் போய் இருக்கப்போறன் எண்டு சொன்ன நாள் தொடக்கம் எல்லாரும் ஒரே கதைதான், அங்க சனம் கூட, கவனம் பிள்ளை எண்டு. கூட்டம் எண்டா எனக்குத் தெரிஞ்சது நல்லூர்த் தேர் அண்டைக்கு வீதியில நிக்கிற சனம்தான். ஆனா தேர் இருப்புக்கு வந்தா அந்தச் சனம் வீட்ட போயிடும். இஞ்ச அது போறேல்லை, விடியப்புறம் முதல் ட்ரெயினோட தொடங்கினா நடுச்சாமம் தாண்டியும் நிக்குது.

ட்ரெயினைப் பற்றித்தான் எழுத வேணும், ஏனெண்டா நான் ட்ரெயின் இல்லாத ஊரில வளந்தனான். 1990ல சண்டையால யாழ்ப்பாணத்துக்கு வாற யாழ்தேவி ட்ரெயின் நிண்டு போச்சு, திரும்ப வந்தது 2014ல. இடையில தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்கெண்டு கழட்டுப்பட்டுப் போச்சு, ஸ்டேஷன் இடிஞ்சு கிடந்தது, எங்கட வயசுப் பிள்ளையளுக்கு ட்ரெயின் எண்டுறது அம்மா அப்பா சொல்லுற கதை மட்டும்தான். அப்பிடி வளந்த எனக்கு இஞ்ச வீடு கிடைச்சது முலுண்ட்ல, மும்பை லோக்கல் ட்ரெயின் ஓடுற சென்ட்ரல் லைன்ல. அதுக்கு அடுத்த ஸ்டேஷன் தாணே, 1853ல போரி பந்தர்ல வெளிக்கிட்ட இந்தியாவின்ர முதல் பயணிகள் ட்ரெயின் வந்து சேர்ந்த இடம்.

வீடு எடுத்தது தனிச் சோலி. 11 மாச அக்ரிமென்ட், புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, பொலிஸ் வெரிபிகேஷன், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண்டா வெளிநாட்டு ஆள் தங்குறா எண்டு அரசாங்கத்துக்கு அறிவிக்க வீட்டுக்காரர் சி ஃபோர்ம் எண்டு ஒண்டும் பதிய வேணும், அதைக் கேட்டவுடனயே கனபேர் பின்வாங்கிட்டினம். அதை விடுவம்.

எனக்கு வேலை தாதர்ல. வெஸ்டர்ன் லைனும் சென்ட்ரல் லைனும் சந்திக்கிற இடம் அது, ரெண்டு பக்கத்துச் சனமும் மாறி ஏறும். முதல் கிழமை பிளாட்ஃபோர்ம்ல நிண்டு பாத்தா ட்ரெயின் வந்து நிக்க முதலே பெண்களுக்கெண்டு ஒதுக்கின லேடீஸ் பெட்டியில பெண்டுகள் பாய்ஞ்சு ஏறினம், சாறி கட்டின வயசான அம்மாவும் ஏறுறா, எனக்கு நெஞ்சு படபடக்குது. உள்ளுக்குப் போன பிறகுதான் விளங்கிச்சு, வெளியில இருந்து பாக்கத்தான் அது இடிபாடு, உள்ளுக்கு எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. தாதருக்கு முன்னால இருக்கிற சயன் ஸ்டேஷன் வர முதலே தாதர்ல இறங்கிறவை வாசல் பக்கம் வரிசை கட்டத் தொடங்குவினம், பின்னால நிக்கிறவ தோளில மெல்லத் தட்டி "தாதர்?" எண்டு மட்டும் கேப்பா, ஓம் எண்டா உங்களுக்குப் பின்னால நிப்பா, இல்லை எண்டா நீங்கள் ஒதுங்கி அவவுக்கு வழி விட வேணும்.

சீட்டும் அப்பிடித்தான். மூண்டு பேருக்குச் செய்த வாங்கு அது, ஆனா நாலாவது ஆள் நுனியில அரைவாசி இருப்பா, கேட்டா மற்ற மூண்டு பேரும் நகர்ந்து குடுக்க வேணும், குடுக்கிறவை. வயித்தில பிள்ளையோட ஆரும் ஏறினா கேக்கவே தேவையில்லை. இருக்கிறவவிட்ட எங்க இறங்கிறீங்கள் எண்டு கேட்டு அவ குர்லா எண்டா, குர்லாவில அந்த சீட் உங்களுக்கு, பிறகு வேற ஆள் வந்து கேட்டாலும் அவவே சொல்லுவா, குடுத்தாச்சு எண்டு. முலுண்ட்ல சீட் கிடையாது எண்டுபோட்டு சிலர் எதிர்ப்பக்கம் தாணேக்குப் போய், அங்கயிருந்து வெளிக்கிடுற வண்டியில இருந்துகொண்டு வருவினம். என்னையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனவை. அண்டைக்கு எனக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது, கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தி விட்டவ இண்டைக்கும் என்ர கூட்டாளி.

அந்தப் பெட்டிக்குள்ள வீட்டு வேலையும் நடக்கும். பின்னேரம் திரும்பேக்க மடியில பையை வைச்சு போஞ்சி உடைப்பினம், தோடு கிளிப் விக்கிற பெட்டை ஏறுவாள், நவராத்திரி வந்தா ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம், பெட்டி முழுக்க அண்டைக்கு மஞ்சள், அடுத்த நாள் பச்சை. தசராவுக்கு ட்ரெயினுக்கே மாலை போட்டு பூசை செய்வினம். ஆறு ஏழு பேர் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில நானும் இருக்கிறன், மழைக்காலத்தில அதுதான் எங்களுக்குக் காவல். 2005 ஜூலை 26 ஒரே நாளில 944 மில்லிமீற்றர் மழை பெய்ததை அவை இன்னும் நேற்று நடந்த மாதிரித்தான் கதைப்பினம். ஜூன் தொடங்கினா விடிய எழும்பினவுடன குர்லாவில தண்டவாளத்தில தண்ணியோ, சயன்ல தண்ணியோ எண்டு பாக்கிறதுதான் முதல் வேலை.

ஒண்டு மட்டும் எனக்கு ஏற்றுக்கொள்ள ஏலாது. இதையெல்லாம் மும்பை ஸ்பிரிட், எதையும் தாங்குற மனத்திடம் எண்டு பேப்பரில புகழுறது. 2017ல எல்பின்ஸ்டன் ரோட் ஸ்டேஷன் நடைபாலத்தில நெரிசல்ல 20க்கும் மேல சனம் செத்தது. 2025 ஜூன்ல மும்ப்ரா பக்கத்தில, நாங்கள் போற அதே லைன்ல, வாசல்ல தொங்கினவை விழுந்து செத்தவை. இடம் இல்லாத இடத்தில இந்தப் பெண்டுகள் ஒருத்திக்கு ஒருத்தி இடம் குடுக்கினம், அது அவையின்ர நல்ல மனசு. அந்த நல்ல மனசை நம்பி ட்ரெயின் எண்ணிக்கையைக் கூட்டாமல், பாலத்தை அகட்டாமல் விடுறது எந்த விதத்தில நியாயம்? அவையளும் களைச்சுப்போய்த்தான் வருகினம்.

லீவு நாளில மாட்டுங்காவுக்குப் போவன். 2017ல இருந்து முழுக்கப் பெண்களே நடத்துற ஸ்டேஷன் அது. இறங்கி நடந்தா கோப்பி அரைக்கிற வாசம், மல்லிகைச் சரம், வாழையிலை, தமிழ்ச் சத்தம். கனகாலமா இருக்கிற தமிழ்க் குடும்பங்கள், ஒரு அம்மா என்ர கதையைக் கேட்டுட்டு நீங்க கேரளாவா எண்டா, யாழ்ப்பாணம் எண்டன், உடன கையைப் பிடிச்சு சண்டைக்குள்ள ஆர் ஆர் போச்சினம் எண்டு கேட்டா, கடை வாசல்ல நிண்டு கனநேரம் கதைச்சனாங்கள். அவவுக்குத்தான் நன்றி சொல்ல வேணும், சிவப்பரிசி மா எந்தக் கடையில இருக்கு எண்டு காட்டினவ அவதான். மலையாள ஆக்களின்ர கடையில புட்டு மா எண்டு கேட்டா நல்லா வறுத்த மா தருவினம், எங்கட புட்டுக்கு அது அப்பிடியே சரி. மிளகாய்த்தூள்தான் இன்னும் கிடைக்கேல்லை, அம்மா மார்கழியில வரேக்க கொண்டு வாறா.